ரப்பிஷோடு கலக்கக்கூடாதவை: வீட்டைப் புதுப்பிக்கும்போது வரும் ஆபத்தான கழிவுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டைப் புதுப்பிக்க முடிவு செய்துவிட்டால் டைல்ஸ் என்ன விலை, கிச்சனுக்கு எந்தப் பலகை, எந்தக் கம்பெனி பெயிண்ட் என்று மாதக்கணக்கில் அலசுகிறோம். இடிக்கும்போது வெளியே வருவது எல்லாம் எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்று மேஸ்திரி ஒரு வரியில் முடித்துவிடுவார். அவர் பார்த்துக்கொள்ளும் விதம் ஊருக்கே தெரிந்ததுதான். ராத்திரி ஒரு குட்டியானை வரும், சிமெண்ட் சாக்குகள் ஏறும், ஏரிக்கரையிலோ பைபாஸ் ஓரத்திலோ, அல்லது யாராவது பள்ளமான மனையை மேடாக்க ரப்பிஷ் கேட்டிருந்தால் அங்கேயோ கொட்டிவிட்டு வண்டி திரும்பிவிடும்.

செங்கல், சாந்து, கான்கிரீட் மட்டும் என்றால் அது வேறு பிரச்சினை. ஆனால் அந்தச் சாக்குகளுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைசலும், ஜன்னலில் சுரண்டிய பழைய பெயிண்ட் தூளும், உடைந்த டியூப்லைட்டும், பாதி மிச்சமிருக்கும் ஆசிட் கேனும், கரையான் மருந்து பாட்டிலும் சேர்ந்தே போகின்றன. அள்ளுகிற சித்தாள் வெறுங்கையோடு அள்ளுகிறார். கொட்டிய இடத்தில் இரும்பு பொறுக்க வருகிறவர் வெறுங்கையோடு கிளறுகிறார்.

சரி, இதற்கு என்ன செய்வது? நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. ஆபத்தான பொருள் ரப்பிஷோடு ஒருமுறை கலந்துவிட்டால் அதை யாராலும் பிரிக்க முடியாது, மொத்தக் குவியலுமே ஆபத்தான கழிவாகிவிடும். முன்கூட்டியே பிரித்து எடுத்தால் ஒரு நடுத்தர வீட்டில் இந்த வகைச் சாமான் பெரும்பாலும் சில மூட்டைகளில் அடங்கிவிடும் (கூரை ஷீட் இருந்தால் அது தனிக் கணக்கு).

படி 1: சுத்தியல் படுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

கையில் ஒரு நோட்டு, போனில் டார்ச். முதல் கேள்வி, வீடு எந்த வருஷம் கட்டியது, கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் போகக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது 2016-ல், அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்ட் எதையும் ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், தப்பில்லை.

அப்புறம் மேலே பாருங்கள். கார் ஷெட், மொட்டை மாடி ரூம், பின்பக்க பாத்ரூம், மாட்டுக் கொட்டகை, இங்கெல்லாம் சிமெண்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கும். சுவரோரம் மழைத்தண்ணீர் இறங்கும் பைப்பைத் தட்டிப் பாருங்கள். பிவிசி வருவதற்கு முந்தைய வீடுகளில் சாம்பல் நிறத்தில், கனமாக, சிமெண்ட் போலவே ஒரு பைப் இருக்கும். பிளம்பர்கள் ஏசி பைப் என்பார்கள், ஏர் கண்டிஷனருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்தான். பெரும்பாலோர் கூரையை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். பழைய ஸ்விட்ச் போர்டில் பீங்கான் ஃபியூஸ் இருந்தால் சிலவற்றின் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு பட்டை இருக்கும், அதுவும் அதே சாதி. பிய்க்காமல் அப்படியே கவரில் போடுங்கள்.

பரணையும் ஸ்டோர் ரூமையும் கடைசியாக வையுங்கள், ஏனென்றால் அங்கேதான் நேரம் போகும். காய்ந்துபோன பெயிண்ட் டின், தின்னர், பெயர் அழிந்த பூச்சி மருந்து, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி, எரியாத டியூப்லைட், எப்போதோ மாட்டிய சோக், பாதரசத் தெர்மாமீட்டர் என்று எல்லாம் கிடைக்கும். எடுத்ததை எல்லாம் போட்டோ எடுத்துக் குறித்து வையுங்கள். பெயர் தெரியாத திரவத்தை முகர்ந்து பார்ப்பதும், ஒன்றாக ஒரே கேனில் ஊற்றிவைப்பதும் வேண்டவே வேண்டாம்.

படி 2: மேஸ்திரியிடம் காசு பேசும்போதே இதையும் பேசுங்கள்

"ரப்பிஷ் கிளியரன்ஸ் உள்பட" என்று மொத்தமாகப் பேசினால் அவருக்குக் கிடைக்கும் லாபமே எவ்வளவு பக்கத்தில் கொட்டுகிறார் என்பதில்தான் இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. அதனால் ரப்பிஷ் வண்டியைத் தனியாகப் பிரித்து, லோடுக்கு இவ்வளவு என்று நீங்களே கொடுங்கள், எங்கே இறக்கினார் என்பதற்கு ரசீதோ போட்டோவோ வந்த பிறகு. ஷீட் இறக்குவது, பெயிண்ட் சுரண்டுவது இரண்டுக்கும் நனைத்துச் செய்ய வேண்டும், மெதுவாகத்தான் முடியும், கூடுதல் கூலி தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் வேலை நடக்கும்போது போய் "அண்ணே, தண்ணி தெளிச்சு செய்யுங்க" என்றால் யாரும் செய்யமாட்டார்கள். காண்ட்ராக்ட் வேலையில் நேரம்தான் அவர்களுக்குக் காசு.

மாஸ்க், கையுறை எல்லாம் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். துண்டை மூக்கில் கட்டுவது மண் தூசுக்குக்கூடச் சரியாகத் தாங்காது. பெயிண்ட் தூளுக்கும் டைல்ஸ் வெட்டும் தூசுக்கும் குறைந்தபட்சம் என்95. ஆஸ்பெஸ்டாஸுக்கு அதுவும் பற்றாது, ரப்பர் முகமூடியில் இரண்டு பக்கமும் பி100 ஃபில்டர் மாட்டும் வகை வேண்டும். தின்னர், ஆசிட் வாசனைக்கு இந்த இரண்டுமே உதவாது, அதற்குக் கரி ஃபில்டர் வேறு. ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேன் போடுவது அங்கே முக்கியம்.

படி 3: ஒரு மூலையை ஒதுக்குங்கள்

மழை படாத, வெயில் நேராக விழாத, குழந்தைகள் போகாத, அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாத ஓர் இடம். அவ்வளவுதான். தடிமனான பாலித்தீன் ஷீட், மூடியுள்ள பெயிண்ட் வாளிகள், மார்க்கர் பேனா, டேப் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு வாளியிலும் உள்ளே என்ன என்பதைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள், ஏனென்றால் அதைத் தூக்கப்போவது நீங்கள் இல்லை. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் இருக்கவே கூடாது. தின்னருக்கும் அந்த இரண்டுக்கும்கூட இடைவெளி விடுங்கள்.

படி 4: சிமெண்ட் ஷீட்டு

இந்தப் பட்டியலிலேயே பெரிய தலைவலி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நாரில் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொல்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் சேர்த்த ஷீட்டுக்குத் தடை வரவில்லை, அதனால்தான் இத்தனை கூரைகள். ஷீட்டின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு நார், மீதி சிமெண்ட். முழுசாக, விரிசல் இல்லாமல் இருக்கும் வரை நார் சிமெண்ட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். உடைக்கும்போதும், கிரைண்டரால் வெட்டும்போதும், காய்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் வரும், நுரையீரலுக்குள் போய்த் தங்கும், 20 முதல் 40 வருஷம் கழித்து நோயாக வெளிப்படும். இவ்வளவு தாமதமாக வருவதால்தான் யாரும் பயப்படுவதில்லை. "முப்பது வருஷமா இந்த வேலைதான் செய்யறேன், எனக்கு என்ன ஆச்சு" என்று ஒருவர் சொன்னால் அதற்கு அர்த்தம் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதுதான்.

முதலில் கேட்க வேண்டியது, எடுத்துத்தான் ஆக வேண்டுமா? ஷீட் நன்றாக இருந்தால், கீழே ஆள் புழக்கம் குறைவு என்றால், வெளிப்பக்கம் பெயிண்ட் பூச்சு கொடுத்து அப்படியே விடுவது மோசமான முடிவு இல்லை. பூச்சுக்கு முன் பாசி தேய்க்கக் கம்பி பிரஷ் போடாதீர்கள், பிரஷர் தண்ணீரும் அடிக்காதீர்கள், இரண்டும் மேல்பரப்பை உரித்து நாரை வெளியே கொண்டுவரும்.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கல்நாரைவிட உடனடி ஆபத்து ஒன்று இருக்கிறது. பழைய ஷீட்டின் மேல் ஏறி நின்றால் அது உடைந்து ஆள் கீழே விழுவார். ஒரு எச்சரிக்கையும் தராமல் உடையும். ஷீட்டின் மேல் யாரும் காலே வைக்கக்கூடாது. கீழிருந்து சாரம் கட்டி அல்லது ஏணி வைத்துக் கழற்றட்டும், மேலே போயே ஆக வேண்டுமென்றால் குறுக்கே கட்டைகளைத் தாங்கும்படி நீளமான பலகை போட்டு அதன் மேல்தான்.

வேலை நடக்கும் முறை இப்படி. காற்று அதிகம் இல்லாத காலை நேரம் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லி ஜன்னலை மூடச் சொல்லுங்கள், துணி காயப்போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தரையில் பாலித்தீன் விரியுங்கள். வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயரால் ஷீட்டின் இரண்டு பக்கமும் நன்றாக நனையுங்கள் (மேலே கரண்ட் லைன் போனால் முதலில் அதை அணையுங்கள்). ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துருப்பிடித்துச் சுழலாமல் இருந்தால் போல்ட்டை ஹேக்ஸா பிளேடால் அறுங்கள், ஷீட்டைத் தட்டி உடைத்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஷீட்டாக இரண்டு பேர் பிடித்துக் கையாலேயே இறக்க வேண்டும், மேலிருந்து வீசக்கூடாது. வண்டிக்கு நீளம் அதிகம் என்று வெட்டவும் கூடாது, நீளமான வண்டி பிடியுங்கள். இறக்கியதை ஈரத்தோடு இரண்டு சுற்று பாலித்தீனில் சுற்றி, டேப் ஒட்டி, "ஆஸ்பெஸ்டாஸ் - உடைக்காதே" என்று எழுதுங்கள். ஏற்கனவே உடைந்த துண்டுகளையும் நனைத்துப் பொறுக்கித் தடித்த பையில் இரட்டையாகக் கட்டுங்கள். தரையை ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பையில் போடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனர் போட்டால் பின்பக்கமாக எல்லாம் காற்றில்தான் போகும். வேலை செய்தவர்கள் போட்டிருந்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பழைய சட்டையாகக் கொடுத்து அங்கேயே பையில் கட்டிவிடுவது நல்லது.

ஏசி பைப்புக்கும் இதே முறைதான். இணைப்பில் கழற்றி முழுசாக இறக்குங்கள். சுவருக்குள் புதைந்திருந்தால் விட்டுவிட்டு இரண்டு முனையையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்.

இனி எங்கே கொடுப்பது. இது சிக்கலான இடம், பூசி மெழுகாமல் சொல்கிறேன். மாநகராட்சியின் கட்டடக் கழிவு ஆலைக்கு இதை அனுப்பக்கூடாது, ஏனென்றால் அங்கே எல்லாவற்றையும் நொறுக்கி மணலாகவும் ஜல்லியாகவும் ஆக்குவார்கள், உங்கள் ஷீட்டும் தூளாகி யாரோ வீட்டு நடைபாதைக் கல்லுக்குள் போய்ச் சேரும். முறையான இடம் ஆபத்தான கழிவுக்கென்று அடியில் தடுப்புப் போட்டுக் கட்டிய புதைகுழி. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அது முதன்மையாகத் தொழிற்சாலைகளுக்கானது என்பதால் தனி ஆள் நேராக வண்டி ஓட்டிப் போய் இறக்க முடியாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எத்தனை ஷீட், எவ்வளவு எடை, போட்டோ வைத்து எழுதிக் கேளுங்கள், உள்ளாட்சி அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளரிடமும் ஒரு நகல் கொடுங்கள். பதில் வரும் வரை சுற்றிய ஷீட்டுகள் ஒரு மூலையில் படுத்துக்கிடந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவசரப்பட்டு அனுப்புவதுதான் கெடுதல்.

"நல்ல ஷீட் சார், கொட்டகை போட எடுத்துக்கறேன்" என்று யாராவது கேட்பார்கள். நான் கொடுக்கமாட்டேன். மறுபடி ஓட்டை போடுவார்கள், வெட்டுவார்கள், அடுத்த புயலில் அது பறந்து உடையும். புதிதாகக் கூரை போடுகிறீர்கள் என்றால் கல்நார் இல்லாத ஃபைபர் சிமெண்ட் ஷீட்டும், நிறம் பூசிய தகடும் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

படி 5: பழைய பெயிண்டைச் சுரண்டும்போது

சுவரில் இருக்கும் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் இங்கே பெரிய கவலை இல்லை. கவலை எனாமல்: கதவு, ஜன்னல், கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி. அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் ஈயக் குரோமேட் நிறமி தாராளமாகப் போட்டார்கள். கிரில்லில் மேல் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரும் முழுக்க அப்பாவி இல்லை, நம் ஊரில் பரவலாக அடிக்கும் வகையில் துத்தநாகக் குரோமேட் கலந்திருக்கும், அதன் தூசும் உள்ளே போகக்கூடாது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும், தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயதுதானே. அதனால் சுரண்டும் நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும், பக்கத்து அறையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

காய்ந்த உப்புத்தாளும், கிரைண்டரில் மாட்டும் சாண்டிங் டிஸ்கும் தூசுக்குப் பெரிய தொழிற்சாலை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் கடையில் இருக்கிறது, அதைக் கொடுங்கள். பழைய பெயிண்டர்கள் சிலர் புளோ லாம்ப் வைத்துப் பெயிண்டைப் பொசுக்கி எடுப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஈயம் ஆவியாக நேரே நெஞ்சுக்குள் போகும். பெயிண்ட் ரிமூவர் போடுவதாக இருந்தால் திறந்தவெளியில் மட்டும். சில வகைகளில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது, மூடிய பாத்ரூமில் அதை வைத்து வேலை செய்து மயங்கி இறந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

கதவையும் ஜன்னல் பலகையையும் கழற்றி வெளியே கொண்டுவந்து, பாலித்தீன் விரித்து அதன்மேல் வைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் பாலித்தீனை உள்பக்கமாக மடித்துச் சுருட்டிப் பையில் போட்டு, கை முகம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பீடியும் அப்படியே. நாள் முடிவில் தரையைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை துடையுங்கள், அந்த அழுக்குத் தண்ணீர் டாய்லெட்டில் போகட்டும், செடிக்கோ கிணற்றடிக்கோ வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயம். கழற்றிய பழைய ஜன்னல் சட்டங்கள் எங்கே போகின்றன? கிராமத்திலும் சின்ன ஊர்களிலும் வெந்நீர் அடுப்புக்கு. நகரத்தில் போகிக்கு. பெயிண்ட் அடித்த மரத்தை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் இருக்கும், அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்க எடுத்தால் கேட்கவே வேண்டாம். தேக்குச் சட்டம் என்றால் பழைய மரக்கடையில் நல்ல விலைக்கே எடுத்துக்கொள்வார்கள். மக்கிப்போனதை வேலைக்காரர்கள் விறகுக்குக் கேட்டால் ஏன் தரமுடியாது என்பதைச் சொல்லிவிட்டு வேறு விறகுக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

படி 6: மிச்சப் பெயிண்ட், தின்னர், துணி

மிச்சத்தை அப்புறப்படுத்துவதில் சிறந்த வழி அதை அடித்துத் தீர்த்துவிடுவதுதான். மொட்டை மாடி இரும்புக் கதவு, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், பக்கத்துக் கோயில் கேட், எங்காவது தேவை இருக்கும். சீல் உடைக்காத டின்னைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

எமல்ஷன் கொஞ்சம் மிச்சமிருந்தால் மரத்தூள் அல்லது மணல் போட்டுக் கலக்கித் திறந்து வையுங்கள், கட்டியானதும் உலர்ந்த குப்பையோடு கொடுக்கலாம். எனாமலையும் வார்னிஷையும் அப்படிச் செய்யக்கூடாது, அது டின்னோடு தனியாகப் போக வேண்டியது. பிரஷ் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது நேராகக் குளத்துக்கோ கால்வாய்க்கோ போகும். சென்னையில் தெற்குப் பக்கம் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கூப்பிடு தூரம்தான்.

தின்னரைத் தூக்கி ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. பிரஷ் கழுவிய தின்னரை இரும்பு டின்னில் மூடி ஓரிரு நாள் அசைக்காமல் வைத்தால் நிறமி அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த தடவை பயன்படுத்தலாம். அடியில் தங்கிய வண்டல் மட்டும்தான் கழிவு. ஆனால் தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள், வாந்தியில் அது நுரையீரலுக்குள் போவதுதான் அதிக ஆபத்து. ஆசிட்டுக்கும் இதே விதி.

தச்சர் தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் போட்டுத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போவார். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும், துணி பந்தாகச் சுருண்டிருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டாம். ராத்திரி பூட்டிய வீட்டில், மரத்தூளுக்குப் பக்கத்தில் இது நடந்தால் எப்படி இருக்கும்? துணியை வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், விறைப்பான பிறகு குப்பையில் போடலாம்.

இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி, டைல் க்ரவுட் மிச்சமிருந்தால் இரண்டையும் சொன்ன அளவில் சிறிது சிறிதாகக் கலந்து இறுகவிட்டுப் போடுங்கள். மொத்தமாகக் கலந்தால் புகையும் அளவுக்குச் சூடாகும். ஃபோம் ஸ்பிரே டின்னில் ஓட்டை போடாதீர்கள், எரிக்காதீர்கள்.

படி 7: ஆசிட்டும் கரையான் மருந்தும்

டைல்ஸ் வேலை முடிந்ததும் கறை எடுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்குவார்கள், எப்போதும் தேவைக்கு மேலேயே வாங்குவார்கள். மூடி இறுக்கமாக இருந்தால் வைத்துப் பயன்படுத்தலாம். அழிக்கத்தான் வேண்டும் என்றால் பெரிய பிளாஸ்டிக் வாளியில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்து அதில் ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள், ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெறிக்கும். அப்புறம் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரைப்பது நின்றதும் டாய்லெட்டில் ஊற்றி நிறையத் தண்ணீர் விடலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அதே பாத்ரூமில் அன்றைக்கே பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும்.

கரையான் மருந்து (இப்போது குளோர்பைரிஃபாஸ் அல்லது இமிடாகுளோப்ரிட்) மிச்சம் வைக்காமல் வாங்குவதுதான் வழி. காலி பாட்டிலை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரையும் அடிக்கும் கலவையிலேயே சேர்த்துவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எண்ணெய் வாங்க எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க. பரணில் ஆல்ட்ரின், பிஎச்சி, டிடிடி என்று எழுதிய பழைய டப்பா கிடைத்தால் திறக்காமல் இரட்டைப் பையில் கட்டித் தனியாக வையுங்கள். ஆல்ட்ரினும் பிஎச்சியும் எப்போதோ தடைசெய்யப்பட்டவை, டிடிடியை வீட்டில் யாரும் பயன்படுத்தக்கூடாது.

படி 8: டியூப்லைட், சிஎஃப்எல், தெர்மாமீட்டர்

எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றும்போது பழைய டியூப்லைட்டுகள் கட்டாக வெளியே வரும். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். புது லைட் வந்த அட்டைப் பெட்டியிலேயே பழையதை முழுசாகப் போட்டு வையுங்கள். உடைந்துவிட்டால் ஃபேன், ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் கால் மணி நேரம் வெளியே போங்கள். பிறகு கையுறையோடு தடித்த அட்டையால் அள்ளிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, பொடியை டேப் ஒட்டி எடுங்கள், கடைசியில் ஈரப் பேப்பரால் துடையுங்கள். துடைப்பம் வேண்டாம்.

பாதரசத் தெர்மாமீட்டரில் இருப்பது டியூப்லைட்டைப் போல நூறு மடங்குக்கும் மேல். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் எவ்வளவு காலம் அந்த மலை மண்ணில் பிரச்சினையாக இருந்தது என்பதை நாம் பார்த்தவர்கள்தானே.

2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பெயிண்ட் டின், பூச்சி மருந்து கேன், சிஎஃப்எல், டியூப்லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பேட்டரி எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்று தனிப் பிரிவாக வந்துவிட்டன. மக்கும் குப்பை, மக்காத குப்பை போல இதுவும் தனி வகை. தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கும்போது தனிப் பையில், வாயால் சொல்லிக் கொடுங்கள். அவர் வாங்க மறுத்தால் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். சென்னையில் 1913-க்கு அடிக்கலாம்.

படி 9: ஏசி, ஃப்ரிட்ஜ், பேட்டரி, வயர்

பழைய ஏசியைக் கழற்றும்போது டெக்னீஷியன் பைப்பை வெட்டி "புஸ்" என்று கேஸைத் திறந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏசிக்குள் இருக்கும் கேஸ் ஆர்-22 என்றால் அது ஓசோனையும் கெடுக்கும், கரியமில வாயுவைவிட சுமார் 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-410ஏ என்ற கேஸ் ஓசோனை விட்டுவிடும், ஆனால் சூடாக்குவதில் அதைவிட மோசம். கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடுவதற்கு பம்ப் டவுன் என்று பெயர், வீடு மாற்றும்போது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான், கம்ப்ரசர் ஓடினால் போதும். கழற்றிய யூனிட்டைப் புது ஏசி வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதோ சரி. 2022-ன் மின்கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருக்கும் இதில் பொறுப்பு உண்டு, அவர்களுடைய இணையதளத்தில் திரும்பப் பெறும் எண் இருக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கழித்துக்கொள்ளுங்கள். காயலான் கடைக்காரர் நூறு இருநூறு கூடுதலாகத் தருவார், ஆனால் எடை குறைய ஆசிட்டை உங்கள் வாசலிலேயே கவிழ்த்துவிட்டு எடுத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய வயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள், பிவிசி எரியும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும்.

படி 10: செப்டிக் டேங்க்

பாதாளச் சாக்கடை இணைப்பு வந்ததும் பழைய டேங்கை உடைத்து மூடுவார்கள். முதலில் லாரி வைத்து முழுசாக உறிஞ்ச வேண்டும். ஆளை உள்ளே இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், எத்தனை நாளாகக் காய்ந்து கிடந்தாலும் உள்ளே விஷ வாயு இருக்கலாம். இதில் பேரமே கிடையாது.

படி 11: மீதமுள்ள ரப்பிஷ்

இவை எல்லாம் போனபின் மிஞ்சுவது செங்கல், சாந்து, கான்கிரீட், டைல்ஸ். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை நொறுக்கி மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன, 1913-ல் அல்லது மண்டல அலுவலகத்தில் கேட்டால் அருகில் எங்கே இறக்குவது, என்ன கட்டணம் என்று சொல்வார்கள். மற்ற ஊர்களில் நகராட்சி சுகாதாரப் பிரிவு. ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் பலகையை மட்டும் இதில் சேர்க்காமல் தனியாக வையுங்கள், ஈரமான குப்பை மேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் அழுகிய முட்டை வாசனை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிலிருந்து வரும். வண்டியில் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள், ஏற்றுமுன் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள்.

படி 12: குடியேறும் முன்

மேல்நிலைத் தொட்டியும் கிணறும் வேலை நடந்த நாட்களில் மூடியிருந்தனவா என்று பாருங்கள், இல்லையென்றால் தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள். ஜன்னல் தண்டவாளம், ஃபேன் இறக்கை, அலமாரியின் மேல்பக்கம், ஸ்விட்ச் போர்டு ஆகியவற்றை ஈரத் துணியால், துணியை அடிக்கடி மாற்றித் துடையுங்கள். வீட்டு ஏசி வேலை சமயத்தில் ஓடியிருந்தால் ஃபில்டரைக் கழுவுங்கள். மேஸ்திரிக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை, வீட்டுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், பக்கத்துக் காலி மனையில் எதையும் விட்டுப்போகவில்லை என்று அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்த பிறகு கொடுங்கள்.